பிலிம் ரோலை விழுங்கிய டிஜிட்டல்: ஊட்டி ஆலையின் கதை

குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது குரோம் லெதர் கம்பெனி. கம்பெனி போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. ஊட்டி இந்து நகரின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

மத்திய அரசு 1960ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967ல் உற்பத்தியை ஆரம்பித்தது. கறுப்பு வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம், போட்டோ பேப்பர் எல்லாம் 'இந்து' என்ற பெயரில் நாடெங்கும் விற்றன.

சரிவுக்கு டிஜிட்டல் மட்டுமே காரணம் அல்ல. பாலியஸ்டர் எக்ஸ்ரே பிலிம் திட்டத்துக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. 1991க்குப் பிறகு இறக்குமதிப் போட்டியும் சேர்ந்துகொண்டது. 1996ல் நலிவடைந்த நிறுவனம் என அறிவிக்கப்பட்டது. எழுந்து நிற்க முயன்ற நேரத்தில் டிஜிட்டல் கேமராவும் டிஜிட்டல் எக்ஸ்ரேயும் வந்து சந்தையையே எடுத்துக்கொண்டன.

இங்கேதான் உற்பத்தித் திறன் என்ற கணக்கு வருகிறது. நிலையான செலவு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 ரோல் தயாரித்தால் ஒரு ரோலுக்கு 1 ரூபாய்; 20 ரோல் மட்டும் என்றால் 5 ரூபாய். இயந்திரம் சும்மா நின்றாலும் வட்டி நிற்காது. பிலிம் பூசும் இயந்திரத்தில் உடனே வேறு பொருள் தயாரிக்கவும் முடியாது.

1975லேயே டிஜிட்டல் கேமராவை உருவாக்கிய கோடாக், 2012ல் திவால் பாதுகாப்பு கோரியது. ஜப்பானின் ஃப்யூஜி, பிலிம் தயாரிப்பில் கற்ற வித்தையை எல்சிடி திரைக்கான பிலிமுக்குத் திருப்பிப் பிழைத்தது. ஊட்டி ஆலைக்கு அப்படித் திரும்பப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. 2014ல் விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது.

டிஜிட்டல் மாற்றம் இயந்திரத்தை உடைப்பதில்லை. அதற்கு வேலை இல்லாமல் செய்துவிடுகிறது. இயந்திரம் துருப்பிடிக்கலாம்; அதை நம்பிய குடும்பங்கள் என்ன செய்யும்?