முடிச்சாச்சு என்றால் முடிந்துவிடுமா?

1962இல் ஜேன் ஃபிஷ்பர்ன் என்ற இளங்கலை மாணவி, அமெரிக்காவின் ராட்கிளிஃப் கல்லூரியில் மானுடவியலுக்கான ஹானர்ஸ் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். தெற்கு மெக்சிகோவின் சியாபாஸ் மலைகளில் ஸினகந்தான் என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் சோட்சில் மொழி பேசும் மாயா மக்கள். அவர்கள் எப்படிப் பெண் கேட்கிறார்கள், எப்படிக் கல்யாணம் செய்கிறார்கள் என்பதுதான் ஆய்வேட்டின் பொருள். ஒரு பட்டப்படிப்பு மாணவி எழுதியது, மார்க் வாங்கியதும் அலமாரிக்குப் போயிருக்க வேண்டியது. ஆனால் போகவில்லை.

அவரை அங்கே அனுப்பியது ஹார்வர்ட் சியாபாஸ் திட்டம். பேராசிரியர் ஈவான் வோக்ட் 1957இல் அதைத் தொடங்கினார். 1960 முதல் கோடை விடுமுறைகளில் இளங்கலை மாணவர்களையும் களத்துக்கு அனுப்பினார்கள். இது கொஞ்சம் துணிச்சலான காரியம்தான். களப்பணி என்பது முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களின் வேலை என்றிருந்த காலம். இருபது வயதுப் பிள்ளைகள் சோட்சில் கற்றுக்கொண்டு, ஊர்க்காரர்களின் வீட்டில் தங்கி, சோளரொட்டி தின்று, குறிப்பெடுத்தார்கள். திரும்பி வந்து இறுதியாண்டில் எழுதி முடிக்க வேண்டும். ஒரு கோடை, ஒரு குளிர்காலம், பிறகு கெடு. அவ்வளவுதான் அவகாசம்.

அவகாசம் குறைவு என்பதால் கேள்வியும் சின்னதாக இருந்தாக வேண்டும். ஜேனை அடுத்து 1963இல் ஜார்ஜ் காலியர் நிறங்களுக்கான சொற்களை எடுத்துக்கொண்டார். பச்சையையும் நீலத்தையும் ஒரே சொல்லுக்குள் வைக்கும் மொழி அது. 1966இல் ஜான் ஹேவிலண்ட் சடங்குகளில் வாசிக்கும் வயலின், ஹார்ப், கிதார் இசையை எழுதினார். 'மாயா நாகரிகம்: ஓர் ஆய்வு' என்று எவரும் தலைப்பு வைக்கவில்லை. வைத்திருந்தால் கெடுவுக்குள் முடித்திருக்கவும் முடியாது.

ஜேன் எடுத்துக்கொண்ட விஷயம் இது. பையன் ஒரு பெண்ணை மனதில் வைத்து வீட்டில் சொல்கிறான். பேசத் தெரிந்த பெரியவர்கள் சிலர் கரும்புச் சாராயக் குப்பியோடு, இரவில், சொல்லாமல் கொள்ளாமல் பெண் வீட்டுக்குப் போகிறார்கள். மண்டியிட்டுக் கேட்கிறார்கள். பெண்ணின் அப்பா முடியாது என்கிறார், கோபப்படுகிறார். இவர்கள் விடுவதில்லை. கடைசியில் அவர் குப்பியை வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகும் கல்யாணம் உடனே நடந்துவிடாது. வருடக்கணக்கில் பழம், ரொட்டி, சாராயம் என்று பெண் வீட்டுக்குச் சீர் போய்க்கொண்டே இருக்கும். நம் பரிசம் மாதிரி, ஆனால் தவணை முறையில்.

சரி, நடுவில் பெண் மனசு மாறினால்? பையன் வேறொருத்தியோடு போய்விட்டால்? அதுவரை கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு இரு வீட்டாரும் ஊர்ச்சாவடிக்கு வருவார்கள். அங்கே நீதி சொல்கிறவர்கள் சமரசம் பேசுவார்கள். கல்யாணத்தைப் பற்றி எழுதப் போனால் வழக்கில் வந்து நிற்கும். ஜேன் அந்த இடத்தில் நின்றுவிடவில்லை. ஜார்ஜைத் திருமணம் செய்து ஜேன் காலியர் ஆனார். 1968இல் பெண் கேட்பது பற்றிய ஆய்வு நூலாக வந்தது. 1973இல் அதே ஊரின் சட்டமும் சமூக மாற்றமும் பற்றிய நூலை வெளியிட்டார். இளங்கலை ஆய்வேட்டில் ஓரமாகக் கிடந்த கேள்விக்குப் பத்து வருடம் கழித்துத் தனிப் புத்தகம்.

இந்தத் திட்டத்தைப் புகழ்ந்து மட்டும் எழுதிவிட முடியாது. வோக்ட் ஸினகந்தானில் முக்கியமாகத் தேடியது பழைய மாயா பண்பாட்டின் தொடர்ச்சியை. 1980இல் யான் ரஸ், ராபர்ட் வாசர்ஸ்ட்ராம் இருவரும் அதை நேரடியாகக் கேள்வி கேட்டார்கள். அவர்களும் ஹார்வர்டில் படித்தவர்கள்தான். தொன்மையான எச்சம் என்று கருதப்பட்ட ஊர்ச் சடங்குப் பதவிகளின் அமைப்பு, பிற்கால அரசியலும் பொருளாதாரமும் உருவாக்கியது என்று ஆவணங்களைக் கொண்டு வாதிட்டார்கள். நிலம் யாருடையது, கூலி எங்கிருந்து வருகிறது, அரசு என்ன செய்கிறது என்ற கேள்விகள் அப்போதுதான் நடுவுக்கு வந்தன.

1994 ஜனவரி 1 அன்று ஸபாடிஸ்டாக்கள் ஆயுதங்களோடு சியாபாஸில் எழுந்தார்கள். ஸினகந்தானுக்குப் பக்கத்திலுள்ள சான் கிறிஸ்டோபல் நகரத்தையும் பிடித்தார்கள். உலகமே 'யார் இவர்கள்?' என்று கேட்டபோது, அதே வருடம் விளக்கம் சொல்லும் நூல் ஒன்றை எலிசபெத் குவாராட்டியெல்லோவின் துணையோடு எழுதியவர் ஜார்ஜ் காலியர். நிறச் சொற்களில் தொடங்கிய அதே மாணவர்தான். முப்பது வருடம் திரும்பத் திரும்பப் போய், சோள வயல், குத்தகை, எண்ணெய்ப் பணம் என்று பார்த்துக்கொண்டே இருந்ததால் அவரால் சொல்ல முடிந்தது. 1963இலேயே நின்றிருந்தால் அவருக்குத் தெரிந்திருப்பது நிறங்கள் மட்டும்தான்.

மாறியது ஆய்வாளர்கள் மட்டுமல்ல. இந்த மானுடவியலாளர்களுக்குச் சொல் சொல்லாக விளக்கம் கொடுத்து, கதை சொல்லி, மொழிபெயர்த்துக் கொடுத்த ஊர்க்காரர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர் 1980களின் தொடக்கத்தில், மாபெரும் சோட்சில் அகராதியைத் தொகுத்த ராபர்ட் லாஃப்லினின் உதவியோடு, சான் கிறிஸ்டோபலில் ஒரு எழுத்தாளர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் பெயர் ஸ்னா ஹ்ட்சிபாஹோம், எழுத்தாளரின் வீடு. தங்கள் கதைகளைத் தங்கள் மொழியில் அச்சடித்தார்கள், நாடகம் போட்டார்கள், பெரியவர்களுக்கு சோட்சிலில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

இறுதியாண்டில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த வரலாறு நேரடியாகவே உதவும். கேள்வி சின்னதாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம்; கெடுவுக்குள் கொடுத்துவிடுங்கள். பதில் கிடைக்காத கேள்விகளை வெட்டி எறியாமல் ஆய்வேட்டிலேயே எழுதி வையுங்கள். பிறகு, உங்களுக்குப் பதில் சொன்ன மனிதர்களிடம் ஒருமுறையாவது திரும்பிப் போங்கள். அவர்களிடமும் கேள்விகள் இருக்கும்.