ராகிக் களி

ராகிக் களி என்பது கேழ்வரகு மாவைக் கொதிநீரில் வேகவைத்துக் கிண்டி, உருண்டையாகத் திரட்டிய உணவு. தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து உழவர் குடும்பங்களை நெடுங்காலம் தாங்கி நின்ற உணவு இது. தென் கர்நாடகத்தில் ராகி முத்தே என்றும், ராயலசீமையில் ராகி சங்கட்டி என்றும் வழங்கும்.

பயிர்

சேலத்திலிருந்து 1965இல் பிரிந்த பழைய தர்மபுரி மாவட்டம் தமிழகத்தில் கேழ்வரகு மிகுதியாக விளையும் பகுதிகளுள் ஒன்று. அதிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. செம்மண் மானாவாரி நிலத்தில், குறைந்த மழையிலும் கேழ்வரகு கைகொடுக்கும். நன்கு காயவைத்த தானியம் ஆண்டுக்கணக்கில் கெடாது என்பதால் பஞ்ச காலத்துக்கும் அதுவே கையிருப்பாக இருந்தது.

செய்முறை

ஒரு பங்கு மாவுக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு நீர் கொதிக்க வேண்டும். சிலர் முதலில் அரிசி நொய்யை வேகவிடுவர். பின் மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்பால் குழி செய்து மூடி, குறைந்த தீயில் வேகவைப்பர். உடனே கலக்கினால் மாவு கட்டி தட்டிவிடும். கட்டியின் உள்ளே பச்சை மாவு தங்கும். வெந்தபின் பானையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுத்திக் கிண்டுவர். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதமே சரியான பதம்.

இறுகும் விதம்

கோதுமை மாவைப் பிணைக்கும் குளூட்டன் கேழ்வரகில் இல்லை. களியைப் பிணைப்பது மாவுச்சத்து மட்டுமே. சுமார் 65 முதல் 75 டிகிரி செல்சியஸில் மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக் குழைகின்றன. ஆறும்போது மாவுச்சத்து மூலக்கூறுகள் மீண்டும் நெருங்கி அடுக்குவதால் களி விறைக்கிறது. அதனால்தான் களியைச் சூடாக உண்பர். மிஞ்சிய உருண்டையை இரவு நீரில் போட்டு, காலையில் மோரில் கரைத்துக் குடிப்பர்.

உணவுச் சிறப்பு

கீரைக் கடைசல், கொள்ளுச்சாறு, கருவாட்டுக் குழம்பு ஆகியவை களிக்கு ஏற்ற துணை. விள்ளலைக் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவது வழக்கம். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் இதில் மிகச் சிறு பங்கே உள்ளது. வளரும் பிள்ளைகளின் தட்டில் களி தொடர்ந்து இடம்பெற இது ஒன்றே போதிய காரணம். தமிழக அரசு 2023இல் தர்மபுரி, நீலகிரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது.