சித்திரங்களும் பரிசுத் தராசும்

அரபு மொழியின் கதைக் கருவூலமாகிய ‘அல்ஃபு லைலா வ லைலா’ உலகெங்கும் சென்ற வழிகள் பல. அவற்றுள் ஒன்று, 1926-இல் பெர்லின் நகரின் வெள்ளித்திரையில் வந்து முடிந்தது. லோட்டே ரைனிகர் என்னும் ஜெர்மானியப் பெண்மணி, அட்டையைக் கத்தரித்து நிழலுருவங்கள் அமைத்து, ஒவ்வோர் அசைவாகப் படம் பிடித்து, மூன்றாண்டு உழைப்பில் ‘இளவரசர் அஹ்மதின் சாகசங்கள்’ என்னும் முழுநீளச் சித்திரப் படத்தை உருவாக்கினார். வால்ட் டிஸ்னியின் முதல் முழுநீளச் சித்திரம் வெளிவந்ததோ 1937-இல்தான்.

ரைனிகரின் படம் வெளிவந்த நாளில் ஆஸ்கார் பரிசு தோன்றவில்லை. அது 1929-இல் தொடங்கிற்று. 1932-இல் குறுஞ்சித்திரங்களுக்கும் இடமளித்தது. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அப்பரிசு அமெரிக்க நிறுவனங்களையே சென்றடைந்தது. 1962-இல்தான் யூகோஸ்லாவியாவின் ஸாக்ரெப் நகரிலிருந்து துஷான் வுகோட்டிச் அனுப்பிய ‘சுரோகாட்’ அவ்வேலியைத் தாண்டியது. முழுநீளச் சித்திரங்களுக்கெனத் தனிப் பரிசு வழங்கப்பட்டது 2002 முதற்கொண்டே.

அடுத்த ஆண்டே அப்பரிசு ஜப்பானியராகிய ஹயாவோ மியாசாக்கியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்துக்குக் கிடைத்தது. பரிசளிப்பு நாள் 2003 மார்ச் 23. அதற்கு மூன்று நாட்களுக்கு முன்னரே பக்தாத் மீது குண்டுகள் விழத் தொடங்கிவிட்டன. ஆயிரத்தோரிரவுக் கதைகளில் ஹாரூன் ரஷீத் மாறுவேடத்தில் உலவும் அதே பக்தாத்! மியாசாக்கி விழாவுக்குச் செல்லவில்லை. இராக்கின் மீது குண்டு வீசும் நாட்டுக்குச் செல்ல மனம் ஒப்பவில்லை என்று 2009-இல் அவரே காரணம் கூறினார். தம் கலையைப் போற்றிய சபையை விட்டும் ஒரு கலைஞர் மனச்சான்றின் பொருட்டு விலகி நின்ற செய்தியை, பரிசுச் செய்தியினும் மேலானதாக நாம் மதிக்கிறோம்.

வர விரும்பியும் வழி திறவாதவர்களும் உண்டு. பாரசீகக் கவிஞர்கள் நெடிதுயர்ந்த அழகுக்கு உவமை கூறும் சர்வு மரத்தைத் தலைப்பில் தாங்கிய ஈரானியக் குறுஞ்சித்திரம் ‘சர்வு மரத்தின் நிழலில்’. போரின் நினைவுகளால் உள்ளம் சிதைந்த கப்பல் தலைவன் ஒருவனையும் அவன் மகளையும், ஒரு சொல்லும் பேசாமல் இருபது நிமிடங்களில் அது காட்டுகிறது. இயற்றியோர் ஷீரீன் சோஹானி, ஹுசைன் முலாயிமி ஆகிய இருவர். 2025 மார்ச் 2-ஆம் நாள் அவர்கள் ஆஸ்கார் பெற்றனர். விசா கிடைத்ததோ கடைசி நேரத்தில். விழாவுக்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்னரே லாஸ் ஏஞ்சல்ஸ் வந்திறங்கினர். அதே இரவில் முழுநீளப் படத்துக்கான பரிசை, லாட்வியா என்னும் சிறு நாட்டின் ‘ஃப்ளோ’ வென்றது. அதிலும் மனிதப் பேச்சு இல்லை.

சிறு நாடுகளின் கலை, மொழியையும் துறந்து மௌனமாகச் சென்றால்தான் பெரிய வாயில்கள் திறக்குமோ என்று ஐயுறத் தோன்றுகிறது. எனினும் வாயில் காப்போர் வேறு, தராசு ஏந்துவோர் வேறு. ஆஸ்கார் பெறாத ரைனிகரின் நிழலுருவங்கள் நூறாண்டு கடந்தும் வாழ்கின்றன. மெய்யான மீஸான் ஒரு நகரத்தாரின் கையில் மட்டும் இல்லை என்பதற்கு அதுவே போதிய சான்று.