திறன்பேசி இயங்குதளங்களில் தமிழ்

திறன்பேசியின் திரையையும் விசைப்பலகையையும் செயலிகளையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டும் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு பெரும் பதிப்பாக வெளிவருகின்றன. புதுப் பதிப்பு என்றால் கேமராவும் திரையின் தோற்றமும்தான் பேசப்படும். தமிழ் வாசகருக்கோ நெடுங்காலம் பதிப்பு எண்ணே எல்லாமாக இருந்தது. கைபேசியில் தமிழ் தெரியுமா, தெரியாதா என்பதை அந்த எண்தான் தீர்மானித்தது.

திறன்பேசிக்கு முன்பே கைபேசியில் தமிழ் நுழைந்துவிட்டது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியாகி, ஜாவா வசதியுள்ள கைபேசிகளில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழிசெய்தது. ஆனால் 2007இல் ஐபோனும் 2008இல் முதல் ஆண்ட்ராய்டு கைபேசியும் வந்தபோது, இரண்டிலும் தமிழ் விசைப்பலகை இல்லை.

2011இல் தமிழ்நாட்டுக் கடைகளில் விற்ற ஆண்ட்ராய்டு கைபேசிகள் பெரும்பாலும் 2.2, 2.3 பதிப்புகளில் ஓடின. சில நிறுவனங்கள் தாமாகவே தமிழ் எழுத்துருவைச் சேர்த்து விற்றன; மற்றவற்றில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அப்போது கைகொடுத்தது ஓபரா மினி உலாவி. அதன் முகவரிப் பெட்டியில் ‘ஓபரா:கான்ஃபிக்’ என்று தட்டி, கடைசியில் இருக்கும் ஒரு தேர்வை மாற்றினால், ஓபராவின் சர்வர் தமிழ் எழுத்துகளைப் படமாக்கி அனுப்பும். கைபேசிக்குத் தமிழ் தெரியாமலே அதை வைத்திருப்பவர் தமிழ் படித்தார். இந்த வழி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியது. தமிழ்க் கணிமை வரலாற்றில் அதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

கட்டம் தெரிந்ததற்குக் குறியீடு காரணமில்லை. ஒருங்குறியில் 1991இலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. கைபேசியில் இல்லாதவை இரண்டு: எழுத்துரு, எழுத்துகளைக் கோக்கும் நிரல். தமிழில் கூட்டெழுத்துகள் மிகக் குறைவு என்பதால், இந்திய எழுத்துமுறைகளில் கணினிக்கு எளிதானது என்று அதைச் சொல்வதுண்டு. ஆனாலும் ஒற்றைக்கொம்பு ஒலிப்பில் மெய்க்குப் பின்னும் எழுத்தில் மெய்க்கு முன்னும் வருவது. ‘கொ’ என்பதில் ஒரே உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் நிற்க வேண்டும். எழுத்துரு மட்டும் இருந்து கோக்கும் நிரல் இல்லாவிட்டால், ‘பெண்’ என்ற சொல்லில் பகரத்துக்குரிய கொம்பு அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டு சொல்லே குலைந்துவிடும். கட்டம் தெரிந்த கைபேசியைவிட இப்படிப் பிழையாகக் காட்டிய கைபேசி வாசகரை அதிகம் வதைத்தது.

2011 முதல் 2013 வரை வந்த ஆண்ட்ராய்டு 4 வரிசையில் தமிழ் எழுத்துருவும் ஹார்ஃப்பஸ் என்னும் கோக்கும் நிரலும் சேர, இந்தச் சிக்கல் தீர்ந்தது. படிப்பதைப் போலவே தட்டச்சும் பதிப்பைச் சார்ந்திருந்தது. ஆண்ட்ராய்டு 2009இலேயே, 1.5 பதிப்பில், பிறர் செய்த விசைப்பலகைகளுக்கு வாசலைத் திறந்துவிட்டது. ஐபோனில் அந்த வாசல் 2014இல் ஐஓஎஸ் 8 வரும்வரை மூடியே இருந்தது. அதற்கு முன் செல்லினத்துக்குள் எழுதி, நகலெடுத்து வேறிடத்தில் ஒட்ட வேண்டும். 2013இல் வந்த ஐஓஎஸ் 7 தமிழ்99, அஞ்சல் என்னும் இரு விசைப்பலகைகளைத் தன்னோடு கொண்டுவந்தது. தமிழ்99, சென்னையில் 1999இல் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி அரசு ஏற்ற அமைப்பு. ஐபோனுக்குள் நுழைய அதற்குப் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன.

2014 நவம்பரில் வெளியான ஆண்ட்ராய்டு 5.0 ‘லாலிபாப்’, பதினைந்து புதிய மொழிகளில் மெனு எனப்படும் பட்டிகளைத் தந்தது. தமிழும் சிங்களமும் அவற்றில் இருந்தன. ஆனால் பதிப்பு வெளியாவது வேறு, கைக்கு வந்து சேர்வது வேறு. கூகுள் வெளியிட்ட மூலநிரலைச் சில்லு தயாரிப்பாளர் தம் சில்லுக்கேற்பத் திருத்த வேண்டும். பிறகு கைபேசி நிறுவனம் திருத்தி, சோதித்து அனுப்ப வேண்டும். விலை குறைந்த கைபேசிகளுக்கு அந்த உழைப்பைச் செலவிட நிறுவனங்கள் முன்வரவில்லை. ஆகவே தமிழ்ப் பட்டி அதிகம் தேவைப்பட்ட மக்களிடமே அது கடைசியாகச் சென்றது, பெரும்பாலும் அடுத்த கைபேசியை வாங்கும்போது. சில்லு சார்ந்த பகுதியை மற்றவற்றிலிருந்து பிரித்துவைத்த ஆண்ட்ராய்டு 8 (2017) இந்தத் தாமதத்தைக் குறைக்கவே வந்தது. விசைப்பலகை தனிச் செயலியாகிப் பிளே ஸ்டோர் வழியே புதுப்பிக்கப்படுவதால், அதற்குப் பதிப்பு எண் இப்போது பெரிய தடையில்லை. 2017 ஆகஸ்டில் கூகுளின் குரல்வழித் தட்டச்சு தமிழுக்கு வந்தது.

சட்டமும் ஒரு பக்கம் தள்ளியது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 16333 (பகுதி 3) விதியின்படி, இந்தியாவில் விற்கும் கைபேசிகள் அரசமைப்பு அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வரும் செய்திகளைக் காட்ட வேண்டும். ஆங்கிலம், இந்தி, மற்றொரு இந்திய மொழி ஆகியவற்றில் தட்டச்சு செய்யவும் வழி தர வேண்டும். 2016இல் அறிவிக்கப்பட்ட இந்தக் கட்டாயம், கெடு தள்ளிவைக்கப்பட்ட பிறகே நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டு முயற்சிகளாக 2015இல் மைக்ரோமேக்ஸ் கைபேசிகளில் வந்த இண்டஸ் ஓஎஸ்ஸையும், சென்னை ஐஐடியின் அரவணைப்பில் உருவாகி 2023 ஜனவரியில் அறிமுகமான பாரோஸையும் குறிப்பிடலாம். இரண்டுமே ஆண்ட்ராய்டின் மேல் கட்டப்பட்டவை.

ஐபோனில் தமிழ்ப் பட்டி வர 2025ஆம் ஆண்டின் ஐஓஎஸ் 18.4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன்கள் தயாராகத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே, அவற்றைப் பொருத்தும் தொழிலாளர்களின் மொழி அவற்றின் பட்டிக்குள் வந்தது. அந்தப் பதிப்பும் 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் முதலான கருவிகளுக்கு மட்டுமே. ஐபோன் 8, ஐபோன் எக்ஸ் ஆகியவை ஐஓஎஸ் 16இலேயே நின்றுவிட்டதால், அவற்றில் தமிழில் எழுதலாம், படிக்கலாம். பட்டியைத் தமிழுக்கு மாற்ற முடியாது.