ஒரு மண்டைக்குள் இருவர்

பிரேதப் பரிசோதனை ஒன்றில், மூளையின் ஒரு பாதி அறவே இல்லாதிருந்ததை ஆங்கிலேய மருத்துவர் ஆர்தர் விகன் கண்டார். அம்மனிதரோ சாவதற்குச் சில நாட்கள் முன்புவரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவர். ஒரு பாதியே ஒரு மனத்துக்குப் போதுமெனில், இரு பாதிகளும் உடைய நமக்குள் இரண்டு மனங்கள் அல்லவா இருக்கவேண்டும்? 1844-ல் வெளியான நூலில் விகன் இப்படிக் கேட்டார். அன்று அதைப் பொருட்படுத்தியவர் அதிகமில்லை.

1861-ல் பாரிஸில் பால் ப்ரோக்கா, ‘டான்’ என்ற ஓரசையன்றி வேறெதுவும் பேசவியலாத நோயாளியின் மூளையில் இடப்புற முன்பகுதி பழுதுபட்டிருந்ததைக் காட்டினார். அதன்பின் நெடுங்காலம், இடப்பாதி எஜமானாகவும் வலப்பாதி ஊமை வேலையாளாகவும் கருதப்பட்டன.

விகனின் கேள்வி உயிர்பெற்றது 1962-ல். கடுமையான வலிப்பைத் தணிப்பதற்காக, இரு பாதிகளையும் இணைக்கும் சுமார் 20 கோடி நரம்பிழைகளாலான பாலத்தை லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர்கள் வோகலும் போகனும் ஒரு நோயாளிக்குத் துண்டித்தனர். அத்தகையோரை ரோஜர் ஸ்பெர்ரியும் அவர் மாணவர் மைக்கேல் கஸானிகாவும் ஆராய்ந்தனர். ஸ்பெர்ரிக்கு 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நம்மை உறங்கவிடாதது, கஸானிகா எழுபதுகளில் செய்த சோதனை ஒன்றுதான்.

பாலம் அறுபட்ட ஒருவரின் இடப்பாதி மட்டும் காணும்படி கோழிக்கால் படமும், வலப்பாதி மட்டும் காணும்படி பனி மூடிய காட்சியும் காட்டப்பட்டன. பொருத்தமான படத்தைத் தொடச் சொன்னபோது வலக்கை கோழியைத் தொட்டது. இடக்கை மண்வாரியைத் தொட்டது. மண்வாரி எதற்கு என்று கேட்டார்கள். பேசத் தெரிந்த இடப்பாதி பனியைக் கண்டதே இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோழிக்கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே என்றது, சற்றும் தயங்காமல். அது பொய்யன்று, சொன்னவர் அதை நம்பினார். நாம் அன்றாடம் நம் கோபத்துக்கும் காதலுக்கும் கூறிக்கொள்ளும் காரணங்களில் எத்தனை இந்தக் கொட்டகை வகையைச் சேர்ந்தவை?

இந்த ஓயாத கதைசொல்லி வாய்மூடினால் என்ன நிகழும்? மூளை ஆராய்ச்சியாளர் ஜில் போல்ட் டெய்லருக்கு 1996 டிசம்பர் 10 அன்று இடப்பாதியில் இரத்தக்குழாய் வெடித்தது. உட்குரல் அடங்கியது, உடலின் எல்லை கரைந்து, சொல்லற்ற பேரமைதி சூழ்ந்தது என்று அவர் பின்னர் எழுதினார். வலப்பாதியே அமைதியின் இருப்பிடம் என்ற எண்ணம் அந்நூலால் உலகெங்கும் பரவியது. அதே காலையில் நடந்த மற்றொன்றை அதைக் கொண்டாடுவோர் விரைந்து கடந்துவிடுகிறார்கள். உதவிக்கு அழைக்கத் தொலைபேசி எண்ணைச் சுழற்ற முயன்றபோது இலக்கங்கள் அவருக்கு வெறும் கோடுகளாகத் தெரிந்தன. சிதைந்த இடப்பாதி இடையிடையே விழித்தெழுந்த நேரங்களில்தான், நெடும்பாடுபட்டு அவ்வெண்ணை அழுத்தி முடித்தார். தேற எட்டாண்டுகள் ஆயின. அவ்வமைதியை நமக்கு விவரித்தது, மீண்டும் பேசக் கற்றுக்கொண்ட அந்த இடப்பாதியேதான். கோழிக்கொட்டகையை உண்டாக்கியதும் அத்தகையதொன்றுதான்.

2017-ல் யாயிர் பின்ட்டோவும் குழுவினரும், பாலம் அறுபட்ட இருவரை மீண்டும் சோதித்தனர். பார்வைப் புலத்தின் எப்பக்கத்தில் பொருள் தோன்றினாலும், அது தோன்றியதை எந்தக் கையாலும் வாயாலும் அவர்களால் தெரிவிக்க முடிந்தது. காட்சி பிளவுபட்டிருக்க, காண்பவர் ஒருவராகவே இருந்தார் என்றனர் ஆய்வாளர்கள். கஸானிகாவின் தரப்பு இதை ஏற்கவில்லை.