எஸ்.பி.இ. உரைக்கோப்பு

எஸ்.பி.இ. என்பது காமா நிறமாலையை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்ல உதவும் எளிய உரைக்கோப்பு வடிவம். ஆர்டெக் நிறுவனத்தின் மேஸ்ட்ரோ மென்பொருள் இவ்வகைக் கோப்புகளைத் தரும். காமா நிறமாலை என்பது அடிப்படையில் ஒரு ஹிஸ்டோகிராம்: கருவியில் பதிவாகும் ஒவ்வொரு துடிப்பும் அதன் ஆற்றலுக்குரிய சேனலில் ஓர் எண்ணிக்கையாகச் சேரும்.

கோப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் டாலர் குறியில் தொடங்கி முக்காற்புள்ளியில் முடியும் தலைப்பு உண்டு. மாதிரியின் விவரம், அளந்த தேதி, நேரம் ஆகியவை முதலில் வரும். தேதி அமெரிக்க முறைப்படி மாதத்தில் தொடங்குவதால் நம்மவர் கவனமாகப் படிக்க வேண்டும். அளவீட்டு நேரத்துக்கு இரண்டு எண்கள்: முதலாவது கருவி துடிப்புகளை ஏற்கும் நிலையில் இருந்த நேரம், அடுத்தது கடிகார நேரம். கதிரியக்க அளவைக் கணக்கிட முதல் எண்தான் வேண்டும்.

தரவுப் பகுதியின் முதல் வரி '0 8191' என்றிருந்தால், அதன்கீழ் வரிக்கு ஒன்றாக 8192 எண்ணிக்கைகள் வரும். சேனல் எண் எழுதப்படுவதில்லை. வரிசையே அதைச் சொல்லும். ஆகவே ஒரு வரி விடுபட்டாலும் அதற்குப் பின்னுள்ளவை எல்லாம் நகர்ந்துவிடும். இறுதிப் பகுதிகளில் உள்ள அளவுத்திருத்தக் கெழுக்கள் சேனலை ஆற்றலாக மாற்றுகின்றன. சீசியம்-137 உச்சி 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே விழுகிறதா என்று பார்த்தாலே இறக்குமதி சரியா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எஸ்.பி.இ. என்ற இதே கோப்புப் பின்னொட்டைச் சில அறிவியல் ஒளிப்படக் கருவிகளின் இருமக் கோப்புகளும் பயன்படுத்துகின்றன. அவை வேறு வடிவம்.