மாளிகையின் அழகும் கணக்கும்

இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஹேர்வுட் மாளிகையின் கட்டுமானம் 1759இல் தொடங்கியது. ராபர்ட் ஆடம் வடிவமைத்த கூடங்களும் தாமஸ் சிப்பண்டேலின் பட்டறையில் உருவான மரச்சாமான்களும் இன்றும் அங்கே காட்சிக்கு உள்ளன. 2019இல் கைவினையைப் போற்றும் கண்காட்சியும் அங்கு நடந்தது.

இந்த அழகுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்கிறோம். லாசெல்ஸ் குடும்பம் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையிலும் அடிமை வணிகத்திலும் சேர்த்த செல்வம் அது. 1833இன் அடிமைமுறை ஒழிப்புச் சட்டத்துக்குப் பின், 1,277 மனிதர்களுக்காக அக்குடும்பம் 26,309 பவுண்டு இழப்பீடு பெற்றது. அடிமைப்பட்டிருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை.

தச்சரின் பெயரை உலகம் அறியும். கரும்பு வெட்டியவர்கள் கணக்கேட்டில் தொகையாகக் கிடக்கிறார்கள். அவர்களின் உழைப்பையும் சேர்த்துச் சொல்வதே அந்த வீட்டின் முழு வரலாறு. நம் ஊர் அரண்மனைகளிலும் பண்ணை வீடுகளிலும் நாம் கோருவது அதையேதான்.